வெண்டேலாவின் அடுப்படியில் எடுத்த சினிமா

வடக்கே, பனி மூடிய லோங்விக் ஊரில் வெண்டேலாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் சாப்பாட்டில்தான் ஆரம்பிப்பார்கள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவன் முதல், வழி தவறிக் கலைமான் தேடி வந்தவன் வரை, அவள் வாசலை மிதித்த ஒருவரையும் வெறும் வயிற்றோடு அவள் அனுப்பியதில்லை. வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கும் தட்டு வந்தது.

ஆற்றுக்கு மேற்கே ஒரு பண்ணையில் பிறந்தவள். சண்டைக் காலத்தில், இருபது வயதுகூட நிறையாத பெண்ணாக வேலை தேடி ஊருக்கு வந்தாள். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்த கொன்ராடைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. கொன்ராட் நல்ல மனிதன். சீக்கிரமே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டான். அதன் பிறகு ஜெபவீட்டைப் பெருக்கித் துடைப்பதும், பெரிய கூட்டங்களுக்குச் சமைப்பதும்தான் அவள் வாழ்க்கை. வேடிக்கை எல்லாமே பாவம் என்று நினைக்கிற ஜெபவீட்டு ஜனங்கள் எல்லோரையும் போலவே அவள் வீட்டிலும் டெலிவிஷன் கிடையாது, ஜன்னலில் திரை கிடையாது. சினிமாக் கொட்டகைப் பக்கம் அவள் போனதே இல்லை. விறகு அடுப்பைக்கூட மாற்றவில்லை.

அந்த அடுப்பைப் பார்க்கத்தான் ஒருநாள் ஸ்டாக்ஹோமிலிருந்து மாக்னுஸ் என்ற தாடிக்கார இளைஞன் வந்தான். சினிமா இயக்குநர். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தான். எதையோ கண்டெடுத்தவன் மாதிரி அவன் முகம் மலர்ந்து போயிற்று.

"நாப்பது வருஷமா ஒண்ணையுமே மாத்தலையாம்மா?"

"மாத்த என்ன இருக்கு தம்பி. எரியுதே."

"இங்க ரெண்டு நாள் படம் எடுத்துக்கலாமா? பழைய காலத்துக் கதை. அர்விட் சாண்டெல்னு இந்த ஊர்ல ஒரு பத்திரிகை ஆசிரியர் இருந்தாரே, அவரைப் பத்தி."

வெண்டேலாவின் கை காபிக் கெட்டிலின் பிடியில் அப்படியே நின்றது. அர்விட் சாண்டெல் வீட்டில்தான் அவள் கல்யாணத்துக்கு முன்பு வேலைக்காரியாக இருந்தாள். ஜெர்மன் சிப்பாய்கள் ஏறிய ரயில்கள் இந்த ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்த நாட்களில், நாட்டில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஹிட்லருக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் ஒருவர்தான் தன் சின்னப் பத்திரிகையில் உள்ளதை உள்ளபடி எழுதினார். சண்டை முடிவதைப் பார்க்காமலே செத்தும் போனார். இதையெல்லாம் மாக்னுஸிடம் அவள் சொல்லவில்லை. அவன் கேட்டது அடுப்பைத்தானே. கேட்காததை எடுத்துப் போட்டுப் பேசுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. ஆம் என்பதற்கு மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். ஸ்டாக்ஹோம்காரனுக்கு அது புரியாமல், மூச்சு முட்டுகிறதோ என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

சினிமாவுக்கு அடுப்படியைக் கொடுப்பது பாவமா என்று ஜெபவீட்டுப் பிரசங்கியாரிடமும் போய்க் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுப்புக்குப் பாவமில்லை சகோதரி. நீங்க அது பக்கத்துல நின்னு நடிக்காம இருந்தாச் சரி" என்றார்.

பக்கத்து வீட்டு ரௌனிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் ஜெபவீட்டுக்காரி அல்ல. சிகரெட் பிடிப்பாள், சனிக்கிழமை தவறாமல் சினிமாவுக்குப் போவாள். படத்தில் வரும் ரயிலடிக் கூட்டத்தில் நிற்பதற்கு அவளைத்தான் முதலில் சேர்த்துக்கொண்டார்கள். பழைய காலத்துத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருநாள் மதியம் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏண்டி, உன் அடுப்படியில என்ன எடுக்கப் போறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"காபி போடுற மாதிரி ஏதோ."

"காபியாம் காபி. காட்டிக் குடுக்குற மாதிரிடி. ஆசிரியர் வீட்டு வேலைக்காரி போலீசுக்கு ஆள். பத்திரிகையப் பறிமுதல் பண்ண வந்தவங்கள உக்கார வச்சு, விருந்து போட்டு, பேப்பர் கட்டு எங்க இருக்குன்னு கைய நீட்டிக் காட்டுறா. வேலைக்காரி யாருடி? நீதானே."

வெண்டேலா சிரித்தாள். "யாரோ கட்டுன கதை."

"போலீஸ்காரனுக்குப் போர்வை வேற போத்தி விடுறாளாம்."

போர்வை என்றதும் வெண்டேலா உட்கார்ந்துவிட்டாள். "யாரு சொன்னதாம் இது?"

"ஆசிரியரோட மக. சிசேலாவோ என்னவோ. அப்ப சின்னக் குழந்தையாம், மாடிப்படியில நின்னு பாத்தாளாம். அவதான் டைரக்டர்கிட்ட சொல்லியிருக்கா."

ஊர் என்ன நினைக்கும் என்று வெண்டேலா கவலைப்படவில்லை. ஊருக்கு அவளைத் தெரியும். ஆனால் சிசேலா? தினமும் தலை பின்னிவிட்டு, பனியில் சறுக்குவண்டியின் முன் இருக்கையில் உட்கார வைத்துப் பின்னாலிருந்து காலால் உந்தித் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த பிள்ளை. தகப்பன் செத்த பிறகு தாயோடு ஸ்டாக்ஹோம் போனவள் ஒரு வரிகூட எழுதாமல் போனது ஏன் என்று இப்போதுதான் விளங்கிற்று. அப்பாவை இவள் காட்டிக் கொடுத்தாள் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"போய்ச் சொல்லுடி, நான் அப்படிச் செய்யலைன்னு" என்றாள் ரௌனி.

"சொல்லலாம்."

"அப்ப என்னதான் நடந்துச்சு?"

"சாப்பிட்டாங்க."

"சாப்பிட்டாங்கன்னா? அதுக்கு எதுக்குப் போர்வை?"

வெண்டேலா எழுந்துபோய் அடுப்பில் விறகு வைத்தாள். "வாயில பூட்டா போட்டிருக்கு?" என்று ரௌனி கத்திவிட்டுப் போனாள். உண்மையில் பூட்டுத்தான் போட்டிருந்தது.

அன்று நடந்தது இதுதான். ரயிலில் போன சிப்பாய்களைப் பற்றி ஆசிரியர் எழுதிய இதழை அச்சடித்து, வீட்டுப் பின்கட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆசிரியர் வெளியூர் போயிருந்தார். அவர் மனைவி பிரசங்கம் கேட்கப் போயிருந்தார். மதியம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, மேலிடத்து உத்தரவு, கட்டுகளை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். குதிரைவண்டி வருகிறவரை காத்திருக்க வேண்டும். விடியலிலிருந்து பனியில் நின்றவர்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அச்சுக்கூடத்துப் பையன்களுக்காக வெண்டேலா ஒரு பெரிய பானை பால்ட் வேகவைத்திருந்தாள். உருளைக்கிழங்கைத் துருவி, பார்லி மாவோடு பிசைந்து, நடுவில் உப்புப் பன்றிக்கறி வைத்துக் கைப்பிடி அளவு உருட்டிய உருண்டை. வெண்ணெயும் பழப்பாகும் ஊற்றித் தின்ன வேண்டும். பசித்து வந்தவன் போலீஸ் ஆனால் என்ன, கள்ளன் ஆனால் என்ன? போட்டாள். அவர்கள் தின்றார்கள். மேலும் போட்டாள். பால்ட்டை வயிறு முட்டத் தின்றவன் கதி என்ன என்று அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டார்கள்.

பின்கட்டில் பையன்கள் கட்டுகளைச் சறுக்குவண்டிகளில் ஏற்றி ஊர் பூராவும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். குதிரைவண்டி வந்தபோது மிச்சம் இருந்தது கையால் தூக்கிப் போகிற அளவுதான். அன்று சாயங்காலம் லோங்விக்கில் அந்த இதழைப் படிக்காதவர் இல்லை. திரும்பி வந்த ஆசிரியர், "எப்படிம்மா அவ்வளவு நேரம் அவங்களப் பிடிச்சு வச்ச?" என்று கேட்டார். "பசியோட இருந்தாங்க" என்றாள் வெண்டேலா. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

தூங்கினார்கள் என்று அவரிடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் இருவரில் இளையவனான போலீஸ்காரனின் வேலை போகும். அவன் பெயர் ஈசாக். வேலைக்காரிதான் ஒத்தாசை செய்தாள், இருந்ததே இவ்வளவுதான் என்று மேலிடத்தில் சொல்லித் தப்பித்துக்கொண்டான். கூட வந்த மூத்த போலீஸ்காரர் எப்போதோ செத்துப்போனார்.

சண்டை முடிந்த பிறகு ஈசாக் மனந்திரும்பி ஜெபவீட்டுக்கு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டும் கண்ணீருமாக இருந்த நேரத்தில், வெண்டேலாவிடம் வந்து நின்று, தூங்கினதையும் பொய் சொன்னதையும் அறிக்கை செய்தான். அவர்கள் வழக்கப்படி அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்று சொன்னாள். அப்படிச் சொல்லிவிட்டால் அது கடலின் அடியில் போட்டதற்குச் சமம். சொன்னவளும் அதை மறுபடி வாயில் எடுக்கக் கூடாது. மற்றவர்களிடம் மட்டுமல்ல, அவனிடமே எடுக்கக் கூடாது. எடுத்தால் மன்னித்தது பொய்யாகிவிடும். ஈசாக் இப்போது நரைத்துப்போய், ஜெபவீட்டில் காணிக்கைத் தட்டு எடுக்கிற பெரியவர். வாரம் ஒருமுறை ஐஸில் துளை போட்டுப் பிடித்த மீனில் ஒரு பங்கு வெண்டேலாவுக்குக் கொண்டுவருவார். மழை, பனி, மீன் விலை, பிரசங்கம், எல்லாம் பேசுவார்கள். அதை மட்டும் பேசியதில்லை.

தன்னால் முடிந்ததை வெண்டேலா செய்து பார்த்தாள். மாக்னுஸ் தங்கியிருந்த விடுதிக்குப் போனாள்.

"அந்தப் பொண்ணு காட்டிக் குடுக்கல தம்பி."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான்தான் அந்தப் பொண்ணு."

மாக்னுஸ் எழுந்தே நின்றுவிட்டான். பிறகு நோட்டும் பேனாவும் தேடினான். "சொல்லுங்க, சொல்லுங்க. என்ன நடந்துச்சு? போலீஸ் ஏன் அவ்வளவு நேரம் இருந்தாங்க? போர்வை எதுக்கு?"

"அது என்னோட பொருள் இல்ல தம்பி, எடுத்துக் குடுக்க."

"அம்மா, சிசேலா அவங்க கண்ணால பாத்ததச் சொல்றாங்க. நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறீங்க. நான் எதை வச்சு மாத்துறது?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து, இரவு படுக்கும்போது, ஆண்டவரே இது உம்முடைய பாடு என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். அடுப்படியைத் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. வாக்குக் கொடுத்தாயிற்று.

அடுப்படியில் படம் எடுக்க வேண்டிய நாள் வந்தது. அன்று விடியலில் இருந்து சினிமாக்காரர்கள் எல்லோரும் ரயிலடியில் சிப்பாய் ரயிலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காமிராக்காரர், விளக்குக்காரர்கள், போலீஸ் வேஷக்காரர்கள், ஒட்டுமீசையோடு ஆசிரியர் வேஷக்காரர், எல்லோரும் மூக்கு சிவக்க உள்ளே வந்தார்கள். மேசைமேல் பால்ட் பானையில் ஆவி பறந்தது.

"நேரமில்லம்மா," என்றான் மாக்னுஸ். "வெளிச்சம் போயிரும். முதல்ல எடுத்துருவோம்."

"என் வீட்ல யாரும் பசியோட வேலை செய்ய மாட்டாங்க."

"ஒண்ணே ஒண்ணு, அப்ப."

வேலைக்காரியாக நடிக்கிற பெண் ஒல்லி. ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். மற்றவர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. தெற்கத்தி ஆட்கள், பால்ட்டின் குணம் அறியாதவர்கள். ஆசிரியர் வேஷக்காரர் உருண்டையை வெட்டி வெட்டி வெண்ணெயில் முக்கி, "என் தாயே, என் தாயே" என்று முனகிக்கொண்டே தின்றார். முதலில் விளக்குக்காரன் சுவரோடு சாய்ந்தான். காமிராக்காரர் காமிராப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனார். போலீஸ் வேஷக்காரர்கள் இரண்டு பேரும் மேசையில் கவிழ்ந்தார்கள். மாக்னுஸ், "அஞ்சே நிமிஷம்" என்று விரலைத் தூக்கியபடியே விறகுப் பெட்டிமேல் கண்ணை மூடினான். ஆசிரியரின் மீசை பிய்ந்து பழப்பாகில் மிதந்தது.

தொப்பியோடு உள்ளே வந்த ரௌனி வாசலிலேயே நின்றாள்.

"அடிப்பாவி. மருந்து கிருந்து கலந்தியா?"

"சும்மா இருடி. கறி நல்லாத்தான் இருந்துச்சு, மோந்து பாத்தேன்" என்றாள் வெண்டேலா. அவளுக்கே கொஞ்சம் பயம்தான்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு, "தேவ சமாதானம்" என்று ஈசாக் வந்தார். கையில் தாளில் சுற்றிய மீன். மேசையில் இரண்டு போலீஸ்காரர்கள். அந்தப் பழைய உடுப்பு, அந்தப் பித்தளைப் பொத்தான், அந்தப் பானை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு இவங்க?"

"பயப்படாதீங்க, சினிமாக்காரங்க" என்றாள் ரௌனி. "இவங்க போலீசு, இந்தப் பொண்ணு வேலைக்காரி. பத்திரிகைக்காரர் வீட்டு வேலைக்காரி போலீசுக்கு விருந்து போட்டுக் காட்டிக் குடுக்குறா, அதான் படம். அந்த வேலைக்காரி யாருன்னு தெரியுமா? இந்தா நிக்கிறா பாருங்க, ஊமைக் கோட்டான். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறா."

ஈசாக் வெண்டேலாவைப் பார்த்தார். "நீ சொல்லலையா?"

"எதை?" என்றாள் வெண்டேலா.

அவள் நடிக்கவில்லை. கடலில் போட்டதைத் தேட அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஈசாக் அது புரிந்தவர். மீனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலையைக் குனிந்திருந்தார். அழுகிறாரோ என்று ரௌனி எட்டிப் பார்த்தாள். தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சு ஆட ஆடச் சிரித்தார். மாக்னுஸ் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழித்தான்.

"எழும்பு தம்பி, எழும்பு. உன் படத்துல ஒரு போலீசு வர்றானே, அது நான்தான். அவ ஒண்ணையும் காட்டிக் குடுக்கல. நான் பதினோரு பால்ட் தின்னுட்டு, இந்தா இவன் மாதிரியே கவுந்து கெடந்தேன். பேப்பர் அத்தனையும் என் குறட்டைச் சத்தத்துலதான் வெளிய போச்சு. போய் மேலதிகாரிகிட்ட பொய் சொன்னேன். இத்தனை வருஷமா நான் சொல்லல, அவளும் சொல்லல."

மாக்னுஸின் தூக்கம் பறந்துவிட்டது. "அப்ப போர்வை?"

"தூங்குறேன்னு முதல்ல போத்தி விட்டா, உலுக்கியும் எந்திரிக்கலைன்னதும் செத்துட்டேன்னு நெனச்சுட்டா. கண்ணத் தொறந்தா என் மூக்குக்கு நேரா கண்ணாடியப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டு ஜெபம் பண்றா. கன்னமெல்லாம் கண்ணீர்."

"கறி கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்" என்றாள் வெண்டேலா மெதுவாக. இப்போது அவர் சொன்ன பிறகு, அவளும் பேசலாம்.

மாக்னுஸ் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "அம்மா, நீங்க வேணும்னேதான் தூங்க வச்சீங்க. அப்படித்தானே? துணிச்சலான பொண்ணு, போலீஸ ஏமாத்துறா. பிரமாதமா இருக்கும்."

"இவளா?" என்றார் ஈசாக். "இவ எலிப்பொறி வச்சா, எலிக்கு முதல்ல சாப்பாடு போட்டுட்டுத்தான் வைப்பா."

"அவங்களுக்குப் பசி. நான் போட்டேன்" என்றாள் வெண்டேலா. "காட்டிக் குடுத்தேன்னாலும் பொய், ஏமாத்துனேன்னாலும் பொய். ரெண்டாவது பொய் நல்லாருக்குங்குறதுக்காக நான் ஒத்துக்க முடியுமா தம்பி?"

அன்று வெளிச்சம் போய்விட்டது. மறுநாள்தான் எடுத்தார்கள், நடந்தது நடந்தபடியே. அந்த ஒல்லிப் பெண் வெண்டேலாவிடம் வந்து, "பரிமாறும்போது நான் மனசுல என்ன நெனச்சுக்கணும்?" என்று கேட்டாள்.

"பானையில இருக்கிறது எல்லாருக்கும் பத்துமான்னு நெனச்சுக்கோம்மா. வேற ஒண்ணும் நெனக்க நேரமிருக்காது."

படம் இலையுதிர் காலத்தில் வந்தது. அதற்கு முன்பே கதை ஊர் பூராவும் பரவிவிட்டது. கடைக்குப் போனால், "ஈசாக் அண்ணே, பாத்து, வரிசையில நின்னுக்கிட்டே தூங்கிடாதீங்க" என்றார்கள். ஈசாக் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். முதுகில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி கொஞ்சம் நிமிர்ந்துகூட நடந்தார்.

படம் ஓடிய மாலையில் தெருவே காலி. வெண்டேலா வீட்டில் சாக்ஸ் பின்னிக்கொண்டிருந்தாள். ரௌனி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆசிரியர் மேசையில் குத்திப் பேசியது, ரயில் புகை விட்டுக்கொண்டு போனது, சறுக்குவண்டிகள் பனியில் வரிசையாகப் போனது. அந்தப் பெண் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அழுதபோது கொட்டகையே சிரித்துவிட்டு, பிறகு ஏனோ எல்லோரும் மூக்கைச் சிந்தினார்களாம்.

"ஈசாக் அண்ணன் முகத்தக் காட்டுனாங்களா?" என்று மட்டும் கேட்டாள் வெண்டேலா.

"இல்லடி. தொப்பி முகத்த மூடியிருந்துச்சு. பேரும் சொல்லல."

"நல்லது."

மறுநாள் காலையில் டெலிபோன் அடித்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து. அந்தப் பக்கத்தில் ஒரு பெண் குரல். தன் பெயரை மட்டும் சொன்னது.

"சிசேலா கண்ணா," என்றாள் வெண்டேலா.

"நான் படியில நின்னேன் வெண்டேலா. எல்லாத்தையும் பாத்தேன்."

"ஆமா. நீ அங்க நின்னது எனக்கு இப்பத்தான் தெரியும்."

"எனக்கும் பசிதான் அன்னிக்கு. ஆனா உன்மேல அவ்வளவு கோவம். அதான் கீழ இறங்கி வரல. அதுக்கப்புறமும் இறங்கி வரவே இல்ல. என்னை மன்னிப்பியா?"

அவர்கள் வழக்கத்தில் சொல்லும் அந்த வார்த்தைகளை வெண்டேலா சொன்னாள். ஸ்டாக்ஹோமில் வளர்ந்த சிசேலாவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, நெடுநேரம் அழுதாள். அழட்டும் என்று வெண்டேலா காத்திருந்தாள்.

"அன்னிக்கு உனக்குன்னு சின்னதா ரெண்டு பால்ட் உருட்டி மூடி வச்சிருந்தேன் கண்ணா," என்றாள் பிறகு. "நீ தூங்குறேன்னு நெனச்சேன். சாயங்காலம் அச்சுக்கூடத்துப் பசங்க அதையும் தின்னுட்டானுங்க."

அழுகையின் நடுவே சிசேலா சிரித்துவிட்டாள். "நான் அங்க வரட்டுமா?"

"எந்த ரயில்னு சொல்லு. கிழங்கு துருவ நேரம் வேணும் எனக்கு."